சிவப்பைத் தாண்டும் இரயிலை யார் நிறுத்துவது?

மலாக்கா மாநிலத்தில் இரயில் ஏற வேண்டுமென்றால் புலாவ் செபாங்கிற்குத்தான் போக வேண்டும். நெகிரி செம்பிலான் எல்லையை ஒட்டிய சிற்றூர் அது. பக்கத்திலேயே தம்பின். நிலையத்தின் பெயரிலேயே இரண்டு ஊர்களும் சேர்ந்திருக்கின்றன. விடுமுறை முடியும் நாள்களில் அந்த நடைமேடையில் கூட்டம் அதிகமாக இருக்கும். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த பெற்றோர்கள், தலைநகரிலும் வடக்கு மாநிலங்களிலும் படிக்கும் பிள்ளைகளை வழியனுப்ப நிற்பார்கள். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுப்பா" என்று ஓர் அம்மா சொல்வார். "சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தொலைச்சிடாதே" என்று பாட்டி சொல்வார். இரயில் வரும், கதவு மூடும், புறப்பட்டுவிடும். அந்த இரயிலின் ஓட்டுநர் வழியில் ஒரு சிவப்பு விளக்கைக் கவனிக்கத் தவறினால் என்ன ஆகும் என்று அவர்களுள் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணத் தேவையில்லாமல் இருப்பதே நல்லது. ஆனால், அந்த நிம்மதி தானாக வந்ததன்று.

மின்சார இரயில்கள் இன்று அந்தப் பாதையில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம் வரை ஓடுகின்றன. ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 39 மீட்டர். ஒரு முறை தும்மி முடிப்பதற்குள் இரயில் ஒரு பள்ளித் திடலின் அகலத்தைக் கடந்துவிடும். சாலையில் பேருந்தின் இரப்பர்ச் சக்கரம் தாரைப் பிடித்துக்கொள்கிறது. இரயிலிலோ இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருள்கிறது, உராய்வு குறைவு. அதனால் அந்த வேகத்தில் ஓடும் இரயில் முழுமையாக நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தேவைப்படும். முன்னால் நிற்கும் இரயிலைக் கண்ணால் பார்த்த பிறகு நிறுத்தியை இயக்கினால் பயனில்லை. எனவேதான் பாதையோரச் சமிக்ஞை விளக்குகள் முன்கூட்டியே பேசுகின்றன. மஞ்சள் விளக்கு, 'அடுத்தது சிவப்பு, இப்போதே வேகத்தைக் குறை' என்று ஓட்டுநருக்குச் சொல்கிறது. நூற்றுக்கணக்கானோரின் உயிர், ஒருவர் ஒரு விளக்கைப் பார்த்தாரா இல்லையா என்பதில் தொங்குகிறது.

இந்த ஆபத்தை அக்காலத்து இரயில்வேக்காரர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். தம்பினிலிருந்து மலாக்கா நகர் வரை ஒரு காலத்தில் கிளைப்பாதை ஒன்று ஓடியது. 1905-இல் திறக்கப்பட்ட அப்பாதையின் தண்டவாளங்களை இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர்கள் பெயர்த்தெடுத்துச் சயாம்–பர்மா இரயில்பாதைக்குக் கொண்டு சென்றார்கள். அந்த மரண இரயில்பாதை வேலைக்குத் தோட்டத்துத் தமிழர்களையும் ஆயிரக்கணக்கில் கொண்டு சென்றார்கள் என்பது பலரின் குடும்பக் கதை. மலாக்கா நகருக்கு இரயில் திரும்பி வரவேயில்லை. அதனால்தான் இன்றும் புலாவ் செபாங்கிற்கு ஓட வேண்டியிருக்கிறது.

மலாயாவின் அன்றைய பாதைகளில் பெரும்பாலானவை ஒற்றைத் தடம். தண்டவாளம் போட்டவர்களில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் பலர். நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் இருந்தார்கள். எதிரெதிரே இரண்டு இரயில்கள் ஒரே தடத்தில் நுழைந்துவிடாமல் இருக்க அவர்கள் கையாண்ட முறை, டோக்கன் முறை. இரண்டு நிலையங்களுக்கு இடையிலான பகுதிக்கென உலோக டோக்கன்கள் ஒரு பெட்டிக்குள் இருக்கும். இரு நிலையங்களின் பெட்டிகளும் மின்கம்பியால் இணைக்கப்பட்டவை. ஒரு டோக்கன் வெளியே இருக்கும்வரை இன்னொன்றை எந்த நிலையத்திலும் எடுக்க முடியாது. நிலைய அதிகாரி அதை ஒரு பெரிய வளையத்தில் மாட்டி நீட்ட, ஓடும் இரயிலிலிருந்து கையை விட்டு அந்த வளையத்தை வாங்கிக்கொள்வார்கள். டோக்கன் கையில் இல்லையென்றால் அந்தத் தடத்தில் நுழையக்கூடாது. அவ்வளவுதான் விதி.

அந்த முறையில் இருந்த அறிவு வியக்கத்தக்கது. 'முன்னால் தடம் காலியாக இருக்கிறதா?' என்ற கேள்வியை அது எவருடைய நினைவாற்றலிடமும் விடவில்லை. கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருளிடம் விட்டது. ஆனால், இரயில்கள் பெருகின, வேகம் கூடியது, இரட்டைத் தடங்கள் வந்தன. சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஓடும் இரயில்களுக்கு வளையம் நீட்டிக்கொண்டிருக்க முடியாது. வண்ண விளக்குகள் அந்த இடத்தைப் பிடித்தன. அப்போது ஒன்று கைநழுவிப் போனது. டோக்கன் இல்லாததை ஓட்டுநர் மறக்க வழியில்லை, வெறுங்கை நினைவூட்டிவிடும். விளக்கையோ பார்க்காமலே கடந்துவிடலாம்.

'ஓட்டுநர் கவனமாக இருந்தால் போதாதா?' என்று பலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விபோல் தோன்றும். 1952 அக்டோபர் 8-ஆம் நாள் இலண்டனுக்கு அருகே ஹாரோ நிலையத்தில், இரவு முழுவதும் ஓடி வந்த விரைவு இரயில் ஒன்று எச்சரிக்கை விளக்கையும் அடுத்திருந்த நிறுத்தச் சமிக்ஞைகளையும் தாண்டி, நின்றுகொண்டிருந்த பயணிகள் இரயிலின்மீது மோதியது. எதிர்த்திசையில் வந்த மூன்றாவது இரயிலும் அந்தச் சிதைவின்மேல் மோத, 112 பேர் உயிரிழந்தார்கள். ஓட்டுநர் அனுபவமிக்கவர். அவர் ஏன் நிறுத்தவில்லை என்பது இன்றுவரை தெரியாது. அவரும் அன்று மாண்டுபோனார். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 13-ஆம் நாள் இரவு, அரக்கோணம்–காட்பாடி பயணிகள் இரயில் சித்தேரி அருகே சமிக்ஞைக்காக நின்றிருந்தது. பின்னால் சென்னையிலிருந்து வேலூருக்குச் சென்ற மின்சார இரயில் அதன்மீது மோதியது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே சென்னையில், கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர்ப் பாதையில், சிவப்பைத் தாண்டும் இரயிலைத் தடுக்கும் கருவி ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தது. அரக்கோணம்–காட்பாடி பாதையில் அது இல்லை.

கவனம் என்பது நல்ல குணந்தான். ஆனால், அது தீர்ந்துபோகும் பொருள். ஓர் ஓட்டுநர் தம் பணிக்காலத்தில் இலட்சக்கணக்கான விளக்குகளைக் கடக்கிறார். அவற்றில் ஒன்றைத் தவறவிடுவதற்கு அவர் சோம்பேறியாகவோ பொறுப்பற்றவராகவோ இருக்க வேண்டியதில்லை. மனிதராக இருந்தாலே போதும். எனவே, 'கவனமாக இரு' என்று அறிவுறுத்துவதோடு ஓர் இரயில் நிறுவனம் கடமையை முடித்துக்கொண்டால், அது தன் வேலையை ஓட்டுநரின் தலையில் கட்டிவிட்டது என்றுதான் பொருள்.

கருவிகளும் ஒரே நாளில் சிறப்படையவில்லை. மிக எளியது இலண்டன் சுரங்க இரயிலில் இருந்த இரும்புக் கை. விளக்கு சிவப்பாக இருக்கும்போது தண்டவாளத்தின் பக்கத்தில் அந்தக் கை நிமிர்ந்து நிற்கும். இரயில் தாண்டினால், அதன் அடியிலுள்ள ஒரு திறப்பை அந்தக் கை தட்டிவிடும், நிறுத்திக் குழாயிலிருந்து காற்று வெளியேறும், இரயில் நின்றுவிடும். வேகம் குறைந்த நகர இரயிலுக்கு அது போதுமானது. நெடுந்தொலைவு இரயில்களுக்குப் பிரிட்டன் வேறு வழி கண்டது. மஞ்சளையோ சிவப்பையோ நெருங்கும்போது ஓட்டுநரின் அறையில் ஓர் ஊதல் ஒலிக்கும். ஓட்டுநர் சில வினாடிகளுக்குள் ஒரு பொத்தானை அழுத்தாவிட்டால் இரயில் தானாக நிற்கும். பார்வைக்குச் சிறந்த ஏற்பாடுதான். ஆனால், நாளெல்லாம் ஊதல் கேட்டு நாளெல்லாம் பொத்தானை அழுத்துபவரின் கைக்கு அது பழகிவிடுகிறது. மனம் அறியாமலே கை அழுத்திவிடுகிறது. காரில் இருக்கைப்பட்டை அணியாவிட்டால் எழும் ஒலி தொல்லையாக இருக்கிறதென்று, வெறும் கொக்கியை மட்டும் கடையில் வாங்கிச் செருகிக்கொள்வோர் இந்த நாட்டிலும் உண்டு. எச்சரிக்கை ஒலி என்றால் அதை எப்படியாவது நிறுத்துவதுதான் மனித இயல்பு போலும்!

1999 அக்டோபர் 5-ஆம் நாள் இலண்டன் பேடிங்டன் நிலையத்திற்கு அருகே லாட்புரோக் குரோவ் என்னுமிடத்தில் நடந்தது இதுதான். ஊதல் கருவி வேலை செய்தது. ஆயினும் இரயில் சிவப்பைத் தாண்டிச் சென்று எதிரே வந்த விரைவு இரயிலில் மோதியது. 31 பேர் இறந்தார்கள். ஓட்டுநர் தகுதி பெற்று இரண்டு வாரங்கள்தாம் ஆகியிருந்தன. குற்றத்தை அவர்மேல் போட்டுவிட்டுக் கோப்பை மூடியிருக்கலாம். ஆனால், விசாரணையில் இன்னொன்று வெளிப்பட்டது. அதே விளக்கை அதற்குமுன் ஆறு ஆண்டுகளில் எட்டு முறை வெவ்வேறு இரயில்கள் சிவப்பில் தாண்டியிருந்தன. எட்டு முறையும் அதிர்ஷ்டம் காப்பாற்றியது. ஒரே இடத்தில் இத்தனை பேர் தவறினால், தவறு ஆளிடம் இல்லை, இடத்தில் இருக்கிறது.

ஊதலோடு நிற்காமல் தானே முடிவெடுக்கும் கருவியைப் பிரிட்டன் தன் பாதைகளில் 2003-இன் இறுதிக்குள் பொருத்தி முடித்தது. சிவப்பு விளக்குக்கு முன்னால் தண்டவாளங்களுக்கிடையே இரண்டு கம்பிச்சுருள்கள் இருக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு இரயில் மிக விரைவில் வந்துவிட்டால், 'இந்த வேகத்தில் இது நிற்கப் போவதில்லை' என்று கருவி கணித்து நிறுத்தியை இயக்கிவிடும். பொத்தானை அழுத்தித் தப்ப முடியாது.

புலாவ் செபாங் வழியாகச் செல்லும் பாதையில் இருப்பது இதைவிட நுட்பமான ஐரோப்பிய முறை. சிரம்பானிலிருந்து கெமாஸ் வரை 98 கிலோமீட்டர் பாதை இரட்டைத் தடமாகவும் மின்பாதையாகவும் மாற்றப்பட்டபோது இம்முறை அமைந்தது. அந்த வேலையை இந்தியாவின் இர்கான் நிறுவனம் செய்தது. தண்டவாளங்களுக்கு நடுவே, தட்டையான பெட்டிகள் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றின் பெயர் பாலிஸ். இரயில் மேலே கடக்கும்போது, அடுத்த சமிக்ஞையின் நிலை, நிற்க வேண்டிய இடம் எவ்வளவு தொலைவு, வளைவில் எவ்வளவு வேகம் ஆகியவற்றை அந்தப் பெட்டி இரயிலிலுள்ள கணினிக்குச் சொல்லிவிடும். எந்த இடத்தில் எந்த வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று கணினி தொடர்ந்து கணக்கிடும். ஓட்டுநர் மீறினால் முதலில் எச்சரிக்கும். கேட்காவிட்டால் தானே நிறுத்தியை இயக்கும். பழைய டோக்கன் மறுபடியும் கைக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம். இம்முறை இரும்பாக அல்ல, செய்தியாக.

இத்தகைய கருவிகளுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது செலவு. பிரிட்டன் அரசே 1995-இல் முழுமையான பாதுகாப்புக் கருவியை நாடு முழுவதும் பொருத்துவதைச் செலவு காரணமாகக் கைவிட்டது. அந்தப் பணத்தைச் சாலையிலோ மருத்துவமனையிலோ செலவிட்டால் இன்னும் அதிகம் பேரைக் காப்பாற்றலாம் என்பது அன்றைய கணக்கு. கணக்கு பொய் என்று எளிதில் தள்ளிவிட முடியாது. சாலை விபத்துகளில் இறப்போர்தாம் மலேசியாவிலும் மிகுதி. ஆயினும், சாலையில் செல்பவர் தம் கையில் ஒரு பங்கு பொறுப்பையாவது வைத்திருக்கிறார். இரயிலில் ஏறிய மாணவியோ தன்னை முழுமையாக ஒப்படைத்துவிட்டாள். ஒப்படைத்தவளிடம் செலவுக் கணக்கைக் காட்டுவது முறையாகாது. கருவி இருந்தால் ஓட்டுநர் அசட்டையாகிவிடுவார் என்பது இன்னொரு வாதம். சாரக்கட்டில் வலை கட்டினால் கொத்தனார் குதித்து விளையாடுவார் என்று யாரும் அஞ்சுவதில்லை. அதை விட்டுவிடலாம்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கருவி பழுதானால், அல்லது நிறுத்தி வைக்கப்பட்டால், அன்று என்ன செய்வது?

லாட்புரோக் குரோவ் விபத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1997 செப்டம்பர் 19-ஆம் நாள், அதே நெடும்பாதையில் சௌதால் என்னும் இடத்தில் ஒரு விரைவு இரயில் சரக்கு இரயிலில் மோதியது. ஏழு பேர் இறந்தார்கள். அந்த இரயிலில் ஒன்றல்ல, இரண்டு பாதுகாப்புக் கருவிகள் இருந்தன. ஊதல் கருவி பழுதாகி இணைப்புத் துண்டிக்கப்பட்டிருந்தது. சோதனை முயற்சியாகப் பொருத்தப்பட்டிருந்த முழுமையான கருவி, பயன்படுத்தப்படாமல் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டும் இருந்தன, இரண்டும் தூங்கின. அப்படிப்பட்ட இரயிலைப் பயணிகளோடு முழு வேகத்தில் ஓட்ட விதிகள் தடையாக இல்லை.

மலேசியருக்கு இது தொலைவிலுள்ள கதையன்று. 2021 மே 24-ஆம் நாள் இரவு, கோலாலம்பூரில் கே.எல்.சி.சி. நிலையத்திற்கு அருகே சுரங்கத்திற்குள் இரண்டு எல்.ஆர்.டி. இரயில்கள் நேருக்கு நேர் மோதின. கிளானா ஜெயா வழித்தடம் 1998 முதல் ஓட்டுநரின்றிக் கணினியால் இயங்கி வருவது. கணினி இரண்டு இரயில்களை ஒரே தடத்தில் எதிரெதிரே விடாது. ஆனால், அன்று ஓர் இரயில் கணினியோடு தொடர்பை இழந்துவிட்டது. பயணிகள் இல்லாத அந்த இரயிலை ஓட்டுநர் ஒருவர் நேரடியாக இயக்கினார். தவறான திசையில் சென்றார். எதிரே தானியங்கி முறையில் வந்த இரயிலில் 213 பயணிகள் இருந்தார்கள். 47 பேர் கடுமையாகக் காயமடைந்தார்கள். கட்டுப்பாட்டு மையமும் நடைமுறைகளைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று விசாரணை கண்டது. 23 ஆண்டுகளாக நிகழாதது, கருவியின் கண் மூடியிருந்த அந்தச் சிறு பொழுதில் நிகழ்ந்தது.

இரண்டு விபத்துகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. கருவி நன்றாக வேலை செய்யும் நாள்களில் ஓட்டுநருக்குத் தனியே முடிவெடுக்கும் பழக்கம் குறைகிறது. அது திடீரென்று நின்றுபோகும் நாளில், பழக்கமில்லாத வேலையை, அவசரத்தில், துணையின்றி அவர் செய்ய வேண்டியிருக்கிறது. ஆபத்து மிகுந்த நேரத்தில் பாதுகாப்பு மிகக் குறைந்து நிற்கிறது. ஆகையால், கருவி அணைந்த இரயில் பயணிகளை ஏற்றக்கூடாது என்ற விதி வேண்டும். நடுவழியில் பழுதானால், அடுத்த நிலையம் வரை மெதுவாகச் செல்ல வேண்டும். ஓட்டுநர் அறையில் இன்னொருவரும் இருந்து ஒவ்வொரு விளக்கையும் இருவரும் வாய்விட்டுச் சொல்லிச் செல்ல வேண்டும். ஜப்பானிய இரயில்களில் ஓட்டுநர்கள் விளக்கை விரலால் சுட்டி, நிறத்தை உரக்கச் சொல்லும் வழக்கம் இன்றும் இருக்கிறது. பார்ப்பவர்க்குச் சிரிப்பு வரலாம். ஆனால், வாய் சொல்வதைச் செவி கேட்கிறது. செவி கேட்டதை மனம் தவறவிடுவதில்லை. பணம் செலவாகாத கருவி அது. இரயில் தாமதமானால் பயணிகள் முணுமுணுக்கத்தான் செய்வார்கள். நிறுவனம் அந்த முணுமுணுப்புக்கு அஞ்சக்கூடாது.

கருவியால் தடுக்க முடியாத விபத்துகளும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2023 ஜூன் 2-ஆம் நாள் ஒடிசாவின் பாலசோர் அருகே, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு இரயில் சரக்கு இரயிலில் மோதியதில் 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓட்டுநர் எந்தச் சிவப்பையும் தாண்டவில்லை. அவருக்குக் காட்டப்பட்டது பச்சை. சமிக்ஞைக் கம்பிகளின் இணைப்பில் நேர்ந்த தவறு, பச்சையைக் காட்டிவிட்டு இரயிலைப் பக்கத் தடத்துக்குத் திருப்பிவிட்டது. 1988-இல் 35 பேரைப் பலிகொண்ட இலண்டன் கிளாப்பம் விபத்தும் கம்பி இணைப்புத் தவறால் வந்ததுதான். அங்கு அந்த வேலையைச் செய்த தொழில்நுட்பர் பதின்மூன்று வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் ஓய்வு எடுத்திருந்தார். விளக்கே பொய் சொன்னால், விளக்கை நம்பும் கருவியும் ஏமாறும். இந்தியா இப்போது 'கவச்' என்ற தன் சொந்தக் கருவியைப் பாதைதோறும் பொருத்தி வருகிறது. கம்பி இணைப்பவரின் தூக்கத்தையும் அதே அக்கறையோடு கணக்கில் எடுத்துக்கொண்டால்தான் அந்தச் செலவு பயன் தரும்.

புலாவ் செபாங் நடைமேடையில் நின்று தண்டவாளத்தை எட்டிப் பார்க்கும் மாணவர், இரயிலின் மூக்கையும் நிறத்தையும் படம் எடுப்பார். அடுத்த முறை ஓட்டுநரின் அறைக்குள்ளும் ஒரு பார்வை பார்க்கலாம். அங்குள்ள திரையில் ஒரு முள் வேகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். அந்தத் திரை ஒளிராத நாளில் இந்த இரயில் புறப்படுமா, புறப்பட்டால் எந்த வேகத்தில், யார் அனுமதியோடு என்று கேட்பதற்குப் பயணச்சீட்டு வாங்கிய ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு.